தலைக்குள் யார் இருக்கிறார்கள்?

குழந்தைகளுக்காக எடுத்த ஒரு சினிமாப் படத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நான் கதை எழுதுகிறவன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். மூளையைப் பற்றியும் நரம்புகளைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததெல்லாம், பிற்காலத்தில் புஸ்தகங்களைப் படித்தும் வைத்தியர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். ஆனால் ஒரு கதை நல்ல கதையா இல்லையா என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. மூளையைப் பற்றிக் குழந்தைகளுக்கு நாம் சொல்வது பெரும்பாலும் கதைதான். ஆகவே அதைக் கதையாகவே எடுத்துக்கொண்டு விமரிசனம் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

என் தங்கை மகனுக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு உண்டு. மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு வெகுவாகக் குறைந்திருக்கிறது; அடியோடு நிற்கவில்லை. கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், 'இன்ஸைட் அவுட்' என்ற அமெரிக்கப் படத்தை இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். 2015-இல் பிக்ஸார் கம்பெனிக்காக பீட் டாக்டர் என்பவர் இயக்கிய படம். சித்திரப் படங்களுக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. உலகமெங்கும் பள்ளிக்கூடங்களில் குழந்தைகளுக்கு மனசைப் பற்றியும் மூளையைப் பற்றியும் சொல்லிக்கொடுக்க அதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

கதை இதுதான். ரைலி என்று பதினொரு வயதுப் பெண். மின்னஸோட்டாவிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் குடும்பத்தோடு குடிபோகிறாள். பழைய வீடு, பழைய சிநேகிதி, பனித்தரையில் ஆடிய ஹாக்கி எல்லாம் போய்விட்டன. இது வெளியே நடப்பது. உள்ளே நடப்பதுதான் படம். ரைலியின் தலைக்குள் ஒரு தலைமை ஆபீஸ் இருக்கிறது. அதில் மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து சின்ன ஆசாமிகள். அவர்கள் முன்னால் பட்டன்கள் வைத்த ஒரு பலகை. யார் பட்டனை அழுத்துகிறார்களோ அதன்படி அந்தப் பெண் சிரிப்பாள், அழுவாள், சீறுவாள். அவளுடைய நினைவுகள் வர்ணப் பந்துகளாக உருண்டு வந்து சேருகின்றன. ஒரு நாள் மகிழ்ச்சியும் துயரமும் ஆபீஸுக்கு வெளியே போய் மாட்டிக்கொள்கிறார்கள். மீதி மூவரும் திண்டாடுகிறார்கள். 'வீட்டை விட்டு ஓடிப்போ' என்ற யோசனையை, விளக்கு பல்பைச் செருகுகிற மாதிரி, கோபம் பலகையிலே செருகி விடுகிறான். பிறகு பலகை கறுத்துப் போகிறது. யார் அழுத்தினாலும் வேலை செய்யவில்லை.

பையன் அசையாமல் பார்த்தான். படம் நன்றாக முடிந்ததில் அவனுக்குத் திருப்தி என்றுதான் நினைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்:

"மாமா, எனக்கு ஃபிட்ஸ் வரும்போதும் அந்தப் பலகை கறுத்துப் போயிடுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "உள்ளே இருக்கிறவங்க அப்போ எங்கே போவாங்க?"

கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "நான் ரொம்பக் கோபப்படறதாலேதான் வருதா?" என்றான்.

என் தங்கை என்னைப் பார்த்தாள். "அதெல்லாம் இல்லேடா, சாப்பிடு" என்றேன். இது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தை மறுநாள் தனியாக இன்னொரு தடவை பார்த்தேன்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடவேண்டும். சாதாரணப் படம் அல்ல அது. குழந்தை எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் எதிர்பார்க்கும் அநியாயத்தை இவ்வளவு அழகாக எடுத்துக் காட்டிய கதை வேறு எனக்கு நினைவில்லை. துயரத்துக்கும் ஒரு வேலை உண்டு, அழுகிற குழந்தையிடம்தான் மற்றவர்கள் நெருங்கி வருவார்கள் என்று படம் சொல்கிறது. பால் எக்மன், டாக்கர் கெல்ட்னர் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்களைக் கலந்து ஆலோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். துயரம் ஒரு பழைய மஞ்சள் பந்தைத் தொட்டதும் அது நீலமாக மாறுகிற காட்சி வெறும் கற்பனை அல்ல. ஒரு நினைவை நாம் திரும்ப எடுக்கும்போதெல்லாம் அது இளகி, மறுபடியும் புதிதாகக் கெட்டிப்படுகிறது என்று 2000-இல் நியூயார்க்கில் எலிகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று காட்டியது. நினைவு, பெட்டியில் பூட்டி வைத்த நகை அல்ல. எடுக்கிற கை அதன்மேல் தடம் வைத்துவிடுகிறது. இதை ஒரே ஒரு நிறமாற்றத்தில் குழந்தைக்குச் சொல்லிவிட்டார்கள். எந்த எழுத்தாளனும் பொறாமைப்பட வேண்டிய சாமர்த்தியம்.

ஆனால் கதையின் அஸ்திவாரத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. அந்த விரிசலைப் படமே ஓர் இடத்தில் காட்டிக்கொடுத்து விடுகிறது. மறந்துபோன நினைவுகளின் குப்பைமேட்டில் மாட்டிக்கொண்ட மகிழ்ச்சி, அங்கே உட்கார்ந்து அழுகிறாள். மகிழ்ச்சியே அழுதால், அவளுடைய தலைக்குள்ளே பட்டனை அழுத்தியது யார்? அவளுக்குள்ளும் ஐந்து பேரா? அந்த ஐந்து பேருடைய தலைகளுக்குள்? ரைலி ஏன் அழுகிறாள் என்ற கேள்விக்கு, உள்ளே இருக்கிற இன்னொருத்தி அழவைத்தாள் என்பது பதிலாகாது. கேள்வியைப் பெரிய ஆளிடமிருந்து சின்ன ஆளிடம் தள்ளிவிட்டதுதான் மிச்சம்.

படம் எடுத்தவர்கள் இதை விளையாட்டாகத்தானே செய்தார்கள், இதைப் போய்க் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். விளையாட்டு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆரோக்கியமான குழந்தைக்கு அது விளையாட்டாகவே இருந்துவிட்டும் போகும். ஆனால் தன் மூளை தன்னைக் கைவிட்டு, தரையில் விழுந்து எழுந்த குழந்தைக்கு அது விளையாட்டு அல்ல. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால், ஏதாவது கெட்டுப்போனதும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய விளக்கம் இரண்டுதான்: ஒன்று, உள்ளே இருப்பவர்கள் ஓடிப்போய்விட்டார்கள். அல்லது, அவர்களில் ஒருத்தன் பொல்லாதவன். எங்கள் பையன் இரண்டையும் அரை நிமிஷத்துக்குள் யோசித்து முடித்துவிட்டான். இந்த இரண்டாவது விளக்கத்துக்கும், பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடிக்கிறவனின் விளக்கத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? தலைக்குள் இருக்கிற ஆளுக்கு இங்கே வேறு பெயர், அவ்வளவுதான்.

இந்த ஆசாமிகளை முதன்முதலில் குடிவைத்தது அமெரிக்கர்கள் அல்ல. ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் கான் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஜனங்களுக்கு உடம்பைப் பற்றி விளங்கவைக்கும் புஸ்தகங்கள் எழுதியவர். 1926-இல் அவர் வெளியிட்ட ஒரு பெரிய வர்ணப் படம் உலகப் பிரசித்தம். மனிதன் ஒரு தொழிற்சாலை மாளிகை என்பது அதன் கருத்து. வயிற்றிலே குழாய்களும் வேலையாட்களும். தலையிலே அறை அறையாக ஆபீஸ். அங்கே உட்கார்ந்து யோசிக்கிற சின்ன மனிதர்கள். நரம்புகளுக்குப் பதிலாக டெலிபோன் கம்பிகள். கண்ணுக்குப் பதிலாகக் காமிரா. அபாரமான படம்; எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காது. கான் யூதர் என்பதால் ஹிட்லரின் ஆட்சியில் அவருடைய புஸ்தகங்களைக் கொளுத்தினார்கள். அவர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. ஆனால் அந்த ஆபீஸ் அறை பிழைத்துக்கொண்டது. 1987-இல் பிரெஞ்சுக்காரர் ஆல்பெர் பரியே குழந்தைகளுக்காகத் தயாரித்த உடலியல் சித்திரத் தொடரில், மூளையிலே வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார். பிறகு ரைலியின் தலை. அதன் இரண்டாம் பாகம் 2024-இல் வந்தபோது கவலை, பொறாமை, சலிப்பு, கூச்சம் என்று இன்னும் நான்கு பேரை ஆபீஸில் வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் இதே கதைதான், உடைதான் வேறு. நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது ஸயன்ஸ் வாத்தியார், "மூளை ராஜா, நரம்புகள் தூதர்கள், கை கால்கள் சேவகர்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். பரீட்சையிலும் எழுதி மார்க் வாங்கினேன். இப்போது ராஜா போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ராஜ்யம் இருந்த காலத்தில் ராஜா, தொழிற்சாலைக் காலத்தில் மானேஜர், இப்போது கம்ப்யூட்டர். ஒவ்வொரு காலத்து மனிதனும் தன் காலத்தில் எது அதிகாரம் செலுத்துகிறதோ அதைத் தூக்கி மண்டைக்குள் வைத்துவிடுகிறான்.

ராஜா கதை பொய் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, முழங்கால் சில்லுக்குக் கீழே லேசாகத் தட்டினால் கால் தானே எகிறுகிறது. ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு வைத்தியர்கள் தனித்தனியாக 1875-இல் இதை எழுதிவைத்தார்கள். தட்டிய செய்தி தொடையின் தசையிலிருந்து முதுகுத்தண்டுக்குள் ஓடும் தண்டுவடம் வரைக்கும் போய், அங்கிருந்தே உத்தரவாகத் திரும்பிவிடுகிறது. 'ராஜா'வுக்குத் தகவல் போவதற்குள் கால் எகிறி முடிந்துவிடுகிறது. இருதயம் துடிப்பதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டியதில்லை. குடலிலே மட்டும் 10 கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருந்து, தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. இப்படி ஒரு ராஜ்யத்தில் ராஜா எங்கே இருக்கிறார்?

கதை வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கலாமே என்றால், அதைத்தான் நம் பாடங்கள் செய்கின்றன. பெருமூளை, சிறுமூளை, முகுளம், தண்டுவடம் என்று படம் போட்டுக் கோடு இழுத்துப் பெயர் எழுதச் சொல்கிறார்கள். மூளையின் எடை சுமார் 1.4 கிலோ என்று எழுதினால் மார்க். தங்கை மகன் வகுப்பிலே விழுந்தபோது, இந்த எடையை மனப்பாடம் செய்த பெரிய பையன்கள்தான் இரும்புச் சாவி தேடிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த வாரம் அவனைத் தனி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெயர்கள் தெரிந்தன, மூளை தெரியவில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷங்களில் தானாகவே நின்றுவிடும். அந்தப் புகழ் சாவிக்குப் போய்ச் சேருகிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், பக்கத்தில் இருக்கவேண்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். நரம்பு மண்டலப் பாடத்தில் முதல் பக்கத்திலேயே போடவேண்டிய செய்தி இது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியான மருந்து கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பே இல்லாமல் இருக்கமுடியும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

பாடம் வெறும் பெயர்ப்பட்டியலாக இருக்கிற இடத்தில் போலிக் கதைகள் சுலபமாக நுழைந்துவிடுகின்றன. நாம் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் உபயோகிக்கிறோம் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சுத்தப் பொய், தூங்கும்போதுகூட முழு மூளையும் ஏதோ ஒரு வேலையாகத்தான் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் 'நடுமூளையைத் தட்டி எழுப்புகிறோம்' என்று நம் ஊர்களில் வகுப்புகள் நடத்திப் பணம் வாங்கினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தை புஸ்தகம் படிக்குமாம். மூக்கின் ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்துத்தான் படித்தார்கள் என்பது வெளிப்பட்டுவிட்டது. பணம் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பா அம்மா கை தட்ட வேண்டும் என்பதற்காகப் பத்து வயதுக் குழந்தைகள் பொய் சொல்லப் பழகினார்களே, அதுதான் வருத்தம்.

தமிழில் சொல்லிக்கொடுப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 'நரம்பு' என்ற நம் வார்த்தை மிகவும் பழையது, அதனாலேயே தாராளமானது. யாழில் கட்டியதும் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்பு. பாட்டியின் புறங்கையில் நீலமாகப் புடைத்துக்கொண்டு தெரிகிற ரத்தக் குழாயும் நமக்கு நரம்புதான். ரத்தம் எடுக்க வருகிற நர்ஸ், "நரம்பே கிடைக்கலியே" என்கிறாள். இப்படிப் பழகிய குழந்தையிடம் போய், நரம்பு வழியாகச் செய்தி போகிறது என்றால், அது தன் கையில் தெரியும் நீலக் கோட்டைத்தான் நினைத்துக்கொள்ளும். எங்கள் பையனும் அப்படித்தான் நினைத்திருந்தான். இங்கிலீஷில் படிக்கிற குழந்தைக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்றுக்கொடுத்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்குவதற்காக வார்த்தை வார்த்தையாகச் சலித்துப் பார்த்தவர். குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த பெ. தூரனும் அப்படி உழைத்தவரே. அந்தச் சிரத்தை இப்போதைய புஸ்தகங்களில் குறைவு. 'உன் கையில் நீலமாகத் தெரிவது ரத்தக் குழாய். நான் சொல்லப்போகும் நரம்பு வெண்மையானது, உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பிக்க எவ்வளவு நேரமாகும்?

சரி, எப்படித்தான் சொல்வது? விமரிசகன் குறை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். மாமா அப்படிப் போகமுடியாது. அந்த விடுமுறையில் பத்து நாட்கள் எங்கள் வீட்டுக் கூடம்தான் சோதனைச்சாலை.

ஒரு பத்து ரூபாய் நோட்டை நீளவாக்கில் தொங்கப் பிடித்தேன். நோட்டின் நடுப்பாகத்துக்கு நேராக அவன் இரண்டு விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளவேண்டும். நான் விட்டதும் பிடித்தால் நோட்டு அவனுக்கு. பதினைந்து தடவையும் நோட்டு தரையில்தான் விழுந்தது. பிறகு ஒரு அடி ஸ்கேலைப் பிடிக்கச் சொன்னேன். பதினைந்து இருபது ஸென்டிமீட்டர் விழுந்த பிறகுதான் பிடிக்கமுடிந்தது. அது விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம். கண் பார்த்து, மூளைக்குப் போய், விரலுக்கு வந்துசேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அதற்குள் நோட்டு விழுந்துவிடுகிறது. 1850-இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இளைஞர், தவளையின் நரம்பில் செய்தி விநாடிக்குச் சுமார் 30 மீட்டர் ஓடுகிறது என்று அளந்து காட்டினார். அதை அளக்கவே முடியாது என்று நினைத்தவர்களில் அவருடைய குருவும் ஒருவர். பையனுக்கு அந்தக் குருவைத் தோற்கடித்தது மிகவும் பிடித்திருந்தது.

இன்னொரு நாள், ஒரு காகிதத்தில் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, எட்டு ஸென்டிமீட்டர் தள்ளி வலது பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் குறியையே பார்த்தபடி காகிதத்தை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், சுமார் ஓரடி தூரத்தில் பொட்டு காணாமல் போகும். கண்ணிலிருந்து நரம்பு வெளியே புறப்படும் இடத்தில் பார்வை கிடையாது. பிரான்ஸ் தேசத்து மாரியோத் என்பவர் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்தது இது. "போயிடுச்சு! பொட்டு போயிடுச்சு!" என்று கத்தினான் பையன். பிறகு அவனே, "அந்த இடத்திலே ஓட்டை தெரியலியே, வெள்ளைக் காகிதம்தானே தெரியுது?" என்றான். சிறிது யோசித்து, "அப்போ உள்ளே யாரும் ஸ்க்ரீன்லே பார்த்துக்கிட்டு இல்லே. இருந்தா ஓட்டை தெரியும்" என்றான். நான் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக அந்த ஆபீஸைக் காலி செய்திருக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் அவன் முதலில் கேட்ட கேள்விக்கு வந்தேன். அவனுக்கு ஆஸ்பத்திரியில் தலையில் பசை தடவி வயர்கள் ஒட்டி, கோடு கோடாகப் பதிவு எடுத்திருந்தார்கள். அந்தப் பரீட்சை எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய வாலிபர் பட்டாளத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு அடியில் போகாமல் மயிரிழையில் தப்பினார். அதே நாளில், எங்கேயோ தூரத்தில் இருந்த அவருடைய சகோதரிக்கு மனசு பதறி, தகப்பனாரைக் கொண்டு தந்தி அடிக்கச் செய்தாளாம். மனசின் சக்தி வெளியே பாய்கிறதா என்று கண்டுபிடிக்கவேண்டும் என்று பெர்கர் வைத்தியம் படித்தார். அவர் தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. 1924-இல் ஒரு மனிதத் தலையிலிருந்து மெல்லிய மின்சார அலைகளைப் பதிவு செய்தார்; 1929-இல் வெளியிட்டார். ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான் அந்த மின்சாரம். தன் சொந்த மகனின் தலையிலும் வயர் ஒட்டிப் பதிவு செய்தவர் அவர் என்றதும், எங்கள் பையனுக்கு அந்தப் பெயர் தெரியாத பிள்ளையின்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூளைக்குள்ளே ஆள் இருப்பதாகக் கதை சொல்வதைவிட, மூளையைத் தேடிப்போன ஆட்களின் கதையைச் சொல்லலாம் என்கிறேன்.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. பிரேஸில் நாட்டு விஞ்ஞானி ஸுஸானா ஹெர்க்குலானோ ஹூஸெல் என்ற பெண்மணியும் அவருடைய கூட்டத்தாரும் மூளையைக் கரைத்துக் குழம்பு மாதிரி ஆக்கி எண்ணி, 2009-இல் சொன்ன கணக்கு. அவற்றில் யாரும் தலைவர் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ளவை 'ஓடு' என்பதையும் 'நில்' என்பதையும் கேட்டு, தன் தன் நேரத்தில் துடிக்கிறது. அதனால்தான் விழித்திருக்கும் மூளையின் கோடு ஒழுங்கில்லாமல் குச்சி குச்சியாக இருக்கிறது. வலிப்பின்போது நடப்பது குழப்பம் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். ஒரு பெரிய கூட்டம் செல்கள் ஒரே சமயத்தில், ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்துவிடுகின்றன. கோடு பெரிதாகி, ஒழுங்காகி விடுகிறது. ஒற்றுமை அளவுக்கு மிஞ்சிப்போவதுதான் நோய்.

இதை அவனுக்குச் சொல்ல எனக்கும் ஓர் உவமை வேண்டியிருந்தது. ஸபாவில் கச்சேரிக்கு முன்னால் நூறு பேர் நூறு விஷயம் பேசிக்கொண்டிருப்பார்கள். அதுதான் சாதாரண மூளை. திடீரென்று எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி கை தட்டினால், யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அதுதான் ஃபிட்ஸ் என்றேன்.

"கை தட்டச் சொன்னது யாரு?" என்றான்.

"யாரும் சொல்லலை. ஒரு மூலையிலே நாலு பேர் ஆரம்பிச்சாங்க. பக்கத்திலே இருக்கிறவங்களுக்குத் தொத்திக்கிச்சு."

"எப்படி நிக்கும்?"

"கை ஓய்ஞ்சதும் தானா நின்னுடும். மருந்து என்ன பண்ணுதுன்னா, பக்கத்திலே இருக்கிறவங்களுக்குச் சீக்கிரம் தொத்தாம பார்த்துக்குது."

"அப்போ கெட்டவங்க யாரும் இல்லையா?"

"இல்லை. எல்லாரும் நல்லவங்கதான். கோபத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

உவமை எல்லாமே ஓரளவுக்குப் பொய்தான், என்னுடையது உட்பட. செல்களுக்குக் கையும் இல்லை, ஸபாவும் இல்லை. ஆனால் எது நல்ல உவமை, எது கெட்ட உவமை என்று தீர்மானிக்க எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. குழந்தை அடுத்த கேள்வியைக் கேட்கட்டும். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு இன்னும் ஓரடி உண்மைப் பக்கம் அழைத்துப்போனால் அது நல்ல உவமை. கேள்வியை அடைத்துவிட்டால், அல்லது குழந்தையின் தலையில் ஒரு குற்றத்தைச் சுமத்திவிட்டால், எத்தனை வர்ணம் பூசியிருந்தாலும் அது கெட்ட உவமை. ரைலியின் தலைமை ஆபீஸ் அந்தப் பெண்ணின் சோகத்தைச் சொல்ல நன்றாக உதவியது. மூளையைச் சொல்ல உதவவில்லை. கதையாக அதைக் காட்டுங்கள். பாடமாகக் காட்டாதீர்கள் என்பதுதான் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது.

விடுமுறை முடிகிற சமயத்தில் எங்களுக்குப் பெங்களூரில் ஒரு கல்யாணம். அங்கே நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் மூளைகளுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. வருகிறவர்களின் கையிலே நிஜ மனித மூளையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் ஆராய்ச்சிக்காக மனமுவந்து கொடுத்தவை அவை. தங்கை தயங்கினாள். "வேண்டாம் அண்ணா, ராத்திரி பயந்துக்கப் போறான்" என்றாள். பையன்தான் பிடிவாதமாக வந்தான்.

கையுறை போட்டுக்கொண்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். மருந்திலே கெட்டிப்பட்டுச் சாம்பல் நிறமாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆபீஸோ பலகையோ எங்கே என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப ஜாக்கிரதையாக, கைக்குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு, அங்கே நின்றவரிடம் கேட்டான்:

"ஸார், இவங்க என்ன வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்க?"

அவர் அதைச் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டார். வரும் வழியெல்லாம் பையன் அந்த மனிதரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான். டீச்சராக இருக்கலாம் என்றான். பஸ் ஓட்டினவராகக்கூட இருக்கலாம் என்றான். நான் குறுக்கே ஒன்றும் பேசவில்லை.